அந்த ஆளுக்கு நீ கொடுத்த கோப்பை

பாப்பா,

நலம் விசாரிப்பதெல்லாம் அம்மா தன் கடிதத்தில் செய்வாள். நான் நேராக விஷயத்துக்கு வருகிறேன். சிறுவர் பத்திரிகையில் வந்த உன் கதையைப் படித்தேன். அதைப் புத்தகத்தில் சேர்க்கப்போகிறார்கள், திருத்தம் இருந்தால் மாதக் கடைசிக்குள் அனுப்பச் சொல்கிறார்கள், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டிருந்தாய். கதையின் கடைசிப் பகுதியைக் கிழித்துப் போடு. அதுதான் நான் நினைப்பது. உன்னைப் பெற்றபோது எனக்கு இருபதுகூட ஆகவில்லை. மற்றவர்களின் அப்பாக்களுக்கு இருக்கிற வயதும் எனக்கு இல்லை, பொறுமையும் இல்லை. அதனால் சுற்றி வளைக்கத் தெரியாது.

முதலில் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். நீ டீச்சர் டிரெயினிங் படிக்கப் போன இடத்தில், கோயமுத்தூரில், உன் பெயர் அச்சில் வந்ததே பெரிய காரியம். போன வாரம் ஃபாக்டரிக்குப் பேரிங் வாங்கக் குன்னூர் போய்விட்டுக் கோத்தகிரி பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். வழியில் ஏறினார் உன் பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டர். அதே வெள்ளைப் பேண்ட், கழுத்தில் விசில் கயிறு. பள்ளிக்கூடம் இல்லாத நாளிலும் அந்த ஆள் அதைக் கழற்றுவதில்லை போலிருக்கிறது. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, எனக்குப் பக்கத்தில் இருந்தவரை எழுப்பிவிட்டு உட்கார்ந்தார்.

"ஏனுங்க, நீங்க நம்ம கவர்மெண்டு எஸ்டேட் ஃபிட்டர் தானுங்களே? கதை எழுதுன புள்ளையோட அப்பா?"

ஆமாம் என்றேன்.

"அந்தக் கதையில வர்ற வாத்தியாரு யாருன்னு நெனைச்சீங்க? அட, நான்தானுங்க!"

பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர், "சாரு கதையிலெல்லாம் வர்றீங்களா? அப்ப அடுத்தாப்புல சினிமாதான்" என்றான். அந்த ஆள் பையிலிருந்து பத்திரிகையை எடுத்தார். உன் கதை வந்த பக்கம் மடங்கி மடங்கி நைந்துபோயிருந்தது. அத்தனை பேரிடம் காட்டியிருக்கிறார். "ஓடத் தெரியாத சிலோன் புள்ளைய ஓட வெச்சு, கப்பு வாங்க வெச்சு, கடைசியில அது வந்து வாத்தியாரு கால்ல விழுகுது பாருங்க, அந்த எடத்துல எங்கூட்டு அம்மணி அழுதே போட்டா. நானும் கண்ணுல தண்ணி உட்டுட்டனுங்க." பிறகு என் தொடையில் தட்டிச் சிரித்தார். "அந்தப் புள்ள ஒருக்கா கோலைக் குடுக்காமயே ஓடிருச்சே, நெனப்பிருக்குதுங்களா?"

"எனக்கு நெனப்பிருக்குங்க சார். ஒங்களுக்கு நெனப்பிருக்கிறதுதான் ஆச்சரியம்" என்றேன்.

அது அவருக்குப் பாராட்டாகப் பட்டது. "ஒரு புள்ளையும் மறக்க மாட்டனுங்க" என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து உன் கதையை மறுபடியும் படித்தேன். அந்த ஆள் பொய் சொல்லவில்லை. நீ அப்படித்தான் எழுதியிருக்கிறாய். அதனால், உனக்குத் தெரிந்ததுதான் என்றாலும், நடந்ததை ஒரு தடவை ஒழுங்காக எழுதிவைக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்.

நாம் சிலோனிலிருந்து கப்பலில் வந்து, மண்டபம் முகாமில் கிடந்து, இந்த மலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. உன்னை ஏழாவதில் சேர்த்திருந்தோம். ஸ்போர்ட்ஸ் அன்றைக்குக் காலையில் ஓட வேண்டிய ஒரு பெண்ணுக்குப் பொன்னுக்கு வீங்கி. ஆள் குறைகிறது என்று உன்னை இழுத்து நிறுத்தினார்கள். "தொடர் ஓட்டம். மொத ஆளு நீ. விசிலடிச்சா நிக்காம ஓடு." இவ்வளவுதான் அந்த ஆள் உனக்குச் சொன்னது. உனக்கு ஓடத் தெரியாதா? அங்கே தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நீ ஓடாத ஓட்டமா? ஆனால் அங்கே அதற்குப் பெயர் அஞ்சல் ஓட்டம். கோல் எல்லாம் கிடையாது, லேஞ்சியைத்தான் கைமாற்றிக்கொள்வீர்கள். இங்கே கைக்குட்டை என்கிறார்களே, அது. தொடர் ஓட்டம் என்ற வார்த்தையை நீ அன்றைக்குத்தான் முதலில் கேட்டாய். தொடர் ஓட்டம் என்றால் தொடர்ந்து ஓடுவது. தமிழ் தெரிந்த யாரும் அப்படித்தான் புரிந்துகொள்வார்கள். போதாததற்கு நிக்காம ஓடு என்று வேறு சொன்னார்.

ஓடினாய். எல்லோருக்கும் முன்னால் வந்தாய். அடுத்த பெண் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். உற்சாகப்படுத்துகிறாள் என்று நினைத்து, கோல் இல்லாத கையால் அவள் உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாய். மைதானம் சிரித்தது. அது தப்பில்லை, நான் இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். நீயும் வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்திருப்பாய். அதோடு முடிந்திருக்க வேண்டியது.

மேடையில் இருந்த பெரிய மனிதர்களும் சிரித்ததால் அந்த ஆளுக்கு ரோஷம் வந்துவிட்டது. மைக்கைப் பிடித்து, "கப்பல்ல வந்தவங்களுக்கு எங்க எறங்கோணும்னு தெரியறதில்லீங்க" என்றார். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடித்துப்போனது. "நிக்காம ஓடத்தான ஆசை? ஓடு" என்று உன்னை மறுபடி ஓட விட்டார். அடுத்த போட்டிகள் நடந்தன, பரிசு கொடுத்தார்கள், நீ கோலோடு ஓரமாகச் சுற்றி ஓடிக்கொண்டே இருந்தாய். வேகம் குறைந்தால் விசில். யாரோ மலையேறி வந்து சொல்ல, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த உன் அம்மா கூடையை முதுகிலிருந்து இறக்காமல் மைதானத்துக்குள் வந்தாள். மைக்கில், "அம்மாளும் ஓட வந்துட்டாங்க" என்றார். நான் ஃபாக்டரியில் நின்றுபோன தேயிலை ரோலரைப் பிரித்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சேதி வந்தபோது நீ லயத்து வீட்டில் படுத்திருந்தாய், பாவாடை நனைந்து, கோலைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி. உன் விரல்களை அம்மாவால் பிரிக்க முடியவில்லை. வெந்நீரில் கையை வைத்துத்தான் பிரித்தோம். மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துப் பியூன் வந்து, கோல் ஸ்கூல் சொத்து என்று கேட்டு வாங்கிப் போனார்.

நான் புகார் எழுதிக்கொண்டு எஸ்டேட் ஆபீசரிடம் போனேன். "வந்து இன்னும் காலே ஊனலை, அதுக்குள்ள வாத்தியாரு மேல புகாரா? வேலை வேணுமா வேண்டாமா?" என்றார். வேலை வேண்டும் என்றேன். அது உனக்கும் தெரியும்.

உன் கதையில் இதற்கெல்லாம் ஒரு பாரா. "ஆசிரியர் கண்டித்தார்" என்று ஒரு வரி. பிறகு அவரே தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிக் கொடுக்கிறார், அந்தப் பெண் மறு வருஷம் தொடர் ஓட்டத்தில் கடைசி ஆளாக ஓடி ஜெயிக்கிறாள், கப்பலும் முகாமும் அவள் மனதிலிருந்து கழுவிக்கொண்டு போகின்றன. மறு வருஷம் என்ன நடந்தது, பாப்பா? ஓடுகிற பிள்ளைகளின் ஸ்வெட்டர்களைப் பிடித்துக்கொண்டு வேலி ஓரம் நின்றாய். பள்ளிக்கூடம் முழுக்க உன் பெயர் "தொடர்". "ஏய் தொடர், நிக்கத் தெரியுமா?" என்று கேட்காத பிள்ளை இல்லை. பஸ் கிளம்பினாலும் நீ ஓடிப் பிடிக்க மாட்டாய், அடுத்த பஸ்ஸுக்கு மழையில் நிற்பாய். எதையும் யார் கையிலும் கொடுக்க மாட்டாய். டீ கிளாஸைத் தரையில் வைத்து என் பக்கம் நகர்த்துவாய். உன் மாமா முதலில் கோபப்பட்டார், என்ன மரியாதை இது என்று. நாங்கள் காரணம் சொன்ன பிறகு அவரும் பேசாமல் குனிந்து எடுத்துக்கொள்வார்.

லைப்ரரியிலிருந்து நீ கொண்டுவரும் பிள்ளைகள் கதைகளை நானும் படித்திருக்கிறேன். மழைக்காலத்தில் கரண்ட் இல்லாத ஃபாக்டரியில் வேறென்ன வேலை. விளையாட்டு வருகிற கதைகள் எல்லாமே ஒரே அச்சில் வார்த்தவை. ஒரு பக்கத்தில் அப்பா செத்துப்போவார், அடுத்த பக்கத்தில் எங்கிருந்தோ ஒரு கால்பந்து உருண்டு வரும். வெள்ளத்தில் தங்கையைப் பறிகொடுத்தவன் நீச்சல் போட்டிக்குப் போவான். கண்டிப்பான கோச் ஒருவர் திட்டுவார், அடிப்பார், உள்ளே தங்கமாக இருப்பார். கடைசி நிமிஷம், கடைசி கோல், கோப்பை, கண்ணீர். பட்ட அடியெல்லாம் அந்தக் கோப்பைக்குள் போய்விடும், மூடி போட்டு வைத்துவிடலாம். யார் அடித்தது என்று அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை. கோச் அடித்ததும் பயிற்சியில் சேர்ந்துவிடும்.

நான் ஃபிட்டர். எனக்குத் தெரிந்ததை வைத்துச் சொல்கிறேன். மிஷினில் சுற்றுகிற ஷாஃப்ட் தண்டு ஒன்று வளைந்துவிட்டால் வேகமாகச் சுற்றி அதை நிமிர்த்த முடியாது. வேகம் கூடினால் உதறல் கூடும், முதலில் பேரிங் போகும், அப்புறம் பக்கத்தில் நிற்கிற ஆள் போவான். நிறுத்த வேண்டும், கழற்ற வேண்டும், எங்கே எவ்வளவு வளைந்திருக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும், எது இடித்து வளைந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். இடித்ததை அப்படியே விட்டுவிட்டுப் புது ஷாஃப்ட் போட்டாலும் அதுவும் வளையும். உங்கள் கதைகள் அளப்பதே இல்லை. வளைந்ததை ஓடவிட்டு, பாருங்கள் எவ்வளவு அழகாகச் சுற்றுகிறது என்கின்றன.

நான் என்ன சொல்வேன் என்று தெரிந்தே நீ போன கடிதத்தில் எழுதியிருந்தாய்: "கதையில்கூட நாங்க அழுதுகிட்டே இருக்கணுமாப்பா? ஒரு தடவை ஜெயிக்கக் கூடாதா?" நியாயமான கேள்விதான், ஒத்துக்கொள்கிறேன். ஜெயி. தாராளமாக ஜெயி. ஆனால் அந்த ஆளை வைத்து ஜெயிக்காதே. உன்னை நிற்க விடாமல் ஓட்டியவரையே உன்னை ஜெயிக்க வைத்தவராக ஆக்கினால், மைக்கில் அவர் பேசியது சரி என்று நீயே கையெழுத்துப் போட்ட மாதிரி.

ஜெயித்ததாக எழுத உனக்கு வேறு விஷயமே இல்லையா? லயத்துக்குப் பின்னால், லில்லிப் பூ முளைக்கிற அந்தச் சரிவில், நீங்கள் எல்லே விளையாடினீர்களே. சிலோனில் சிங்களப் பிள்ளைகளிடம் கற்ற ஆட்டம். மூங்கில் தடியால் பந்தை அடித்துவிட்டு ஒரு சுற்று ஓடி வர வேண்டும். நீ அடிப்பாய், ஓட மாட்டாய். அடித்துவிட்டுத் தடியோடு அப்படியே நிற்பாய். முதல் நாள் சண்டை வந்தது, "ஓடலைன்னா அவுட்டு" என்றார்கள். அப்புறம் பக்கத்து வீட்டுச் செல்வி ஒரு சட்டம் போட்டாள். "இவ அடிக்கட்டும், நான் ஓடுறேன். ரெண்டு பேரும் சேந்து ஒரு ஆளு." எதிர்ப் பக்கத்துப் பிள்ளைகள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப எங்களுக்கும் ஒரு ரெட்டை ஆளு வேணும்" என்றார்கள், அவ்வளவுதான். ஏன் ஓட மாட்டேன் என்கிறாய் என்று ஒருத்தியும் உன்னைக் கேட்கவில்லை. விசில் இல்லை, கோப்பை இல்லை. ஃபாக்டரி மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். நீ அடித்த பந்து தேயிலைக்குள் போய் விழுந்ததும் செல்வி ஓடுவாள், நீ நின்ற இடத்திலேயே குதிப்பாய். அதனால் உனக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. அன்றைக்குச் சாயங்காலமும் டீ கிளாஸைத் தரையில்தான் வைத்தாய். ஆனால் விளையாட்டு உனக்கு ஏதாவது செய்தது என்றால் அங்கேதான் செய்தது. அதைச் செய்தவர்கள் உன்னைப் போலவே கப்பலில் வந்த பிள்ளைகள். அவர்களைக் கதையில் ஒரு வரியில்கூடக் காணோம். அவர்களுக்குச் சேர வேண்டியதை எடுத்து அந்த ஆளுக்குக் கொடுத்துவிட்டாய்.

இதெல்லாம் நியாயம் பேசுவது. என்னைப் பற்றி உயர்வாக நினைத்துவிடாதே, எனக்கு நியாயம் மட்டும் போதாது. எனக்குப் பழி தீர்க்க வேண்டும். இத்தனை வருஷமாக அந்த ஆளை ரோட்டில் பார்க்கும்போதெல்லாம் என் வாய் கசக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக் கால்பந்து கோல் கம்பம் உடைந்தது என்று நம் ஒர்க்‌ஷாப்புக்கே தூக்கிக்கொண்டு வந்தார். "கொஞ்சம் பாத்து நல்லா வெச்சுக் குடுங்க" என்றார். ஆசை வராமல் இல்லை. ஆனால் கம்பத்துக்கு அடியில் நிற்கப்போவது பிள்ளைகள். வெல்டிங்கைச் சரியாகத்தான் வைத்துக் கொடுத்தேன். இரும்பைக் கெடுத்துப் பழி தீர்க்கிற ஆள் நான் இல்லை. எனக்கு அந்த ஆளிடமிருந்துதான் வேண்டும்.

இப்போது வழி தானாக வந்திருக்கிறது. யோசித்துப் பார். கதையில் நீ அவர் பெயரைப் போடவில்லை, ஊர் பெயரைப் போடவில்லை. அவராகவே பஸ்ஸில், டீக்கடையில், டீச்சர்கள் ரூமில் எல்லாம் "நான்தான், நான்தான்" என்று தன்னைக் கொண்டுபோய் ஒட்டிக்கொண்டார். புத்தகம் வந்தால் ஆண்டு விழாவில் தானே அதைப் பற்றிப் பேசப்போவதாகவும் வகுப்புக்கு ஒரு பிரதி வாங்க ஹெட்மாஸ்டரிடம் சொல்லிவிட்டதாகவும் என்னிடமே சொன்னார். "புஸ்தகம் வரட்டுங்க சார்" என்றேன்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். நடந்ததை எழுது. மைக்கில் சொன்னதை அவர் சொன்னபடியே எழுது. அம்மாவைச் சொன்னதையும் எழுது. விரலைப் பிரித்ததை எழுது. பியூன் வந்ததை எழுது. திட்ட வேண்டாம், ஒரு கெட்ட வார்த்தை வேண்டாம், "கொடியவர்" என்றுகூட வேண்டாம். நீ திட்டினால் ஆட்கள் அவருக்குப் பரிதாபப்படுவார்கள். பெயரும் வேண்டாம், அந்த வேலையை அவரே முடித்துவிட்டார். அந்த ஆள் படித்துப் பார்க்காமல் மேடை ஏறுகிறவர். பெருமையோடு கடைசிப் பக்கத்தைப் பிரித்து, அதே மைக்கில் வாசிக்க ஆரம்பிப்பார். எந்த வரியில் குரல் நிற்கிறது என்று நான் பார்க்க வேண்டும். நானும் அம்மாவும் முன்வரிசையில் இருப்போம். வந்த நாளிலிருந்து ஃபாக்டரியில் காரணமில்லாமல் லீவு கேட்டதில்லை, அன்றைக்குக் கேட்பேன். படித்துப் பார்த்துவிட்டு அவர் மேடை ஏறாமலே போனாலும் சரி. வகுப்புக்கு ஒரு பிரதி இருக்கும்.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். "வயசான காலத்துல அந்தாளை என்னத்துக்குங்க, விட்டுத்தொலைங்க" என்பாள் என்று நினைத்தேன். கொழுந்துக் கறை படிந்த கையைத் துடைத்துக்கொண்டே, "அம்மாளும் ஓட வந்துட்டாங்கன்னு சொன்னான்ல, அத மட்டும் விட்டுறாம எழுதச் சொல்லுங்க" என்றாள்.

மன்னிப்பது உன் இஷ்டம். கேட்கிறவனுக்குக் கொடு. இந்த ஆள் கேட்கவில்லை, தான் ஏதோ செய்தோம் என்றே தெரியாமல் பரிசு வாங்கிக்கொண்டு போகிறார்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லித்தான் உன்னை மடக்க வேண்டுமா என்று யோசித்தேன். செல்வி வீடு இருந்த லயத்தில் இப்போது புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது, போன தையில் கப்பலில் வந்தவர்கள். அவர்கள் பெண் சாந்தி உன் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள், அதே ஏழாவது. வெள்ளை ஷூ இல்லை என்று அந்த ஆள் அவளை வெறுங்காலோடு மைதானத்தைச் சுற்ற விடுகிறார். வகுப்பில் அவள் பெயர் "கப்பல்". நீ எழுதிய பத்திரிகை அவர்கள் வகுப்புக்கும் போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து வாசலில் நின்றாள்.

"மாமா, அக்கா கதையில சார் ரொம்ப நல்லவரா வர்றாரு. அப்ப என்னாதான் செஞ்சா அவரு நம்மளைக் கூப்பிட்டுச் சொல்லிக் குடுப்பாரு? நாந்தான் ஏதோ தப்பு செய்யிறேனா?"

உன் கதை யாருக்குத் தெம்பு கொடுக்கும் என்று நினைத்து எழுதினாயோ, அவள்தான் கேட்டாள். அவள் காலைப் பார்த்தேன். பதில் சொல்லியே ஆக வேண்டியிருந்தது.

"அக்கா இன்னும் முழுசா எழுதல, புள்ள. பத்திரிகையில எடம் பத்தலை. மிச்சம் புஸ்தகத்துல வருது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பிள்ளைகளிடம் பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, பாப்பா. மாதக் கடைசிக்குள் அதை உண்மையாக்கு.

அப்பா